திராட்சைத் தோட்டத்துச் சம்பந்தி

ஜனவரி 12. விடியற்காலையிலிருந்து மழை.

துணி காயவில்லை. கீழே தேக்கா மார்க்கெட்டில் கரும்பு வந்து இறங்கிவிட்டது. வாங்க: பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து. சம்பந்தியம்மாவுக்குக் காரமில்லாமல் ஏதாவது.

நாளை மலர் சிங்கப்பூர் வருகிறாள், ஆஸ்திரியாவிலிருந்து. கூடவே மாமியார்க்காரி. மாப்பிள்ளை வரவில்லை, குளிர்காலத்தில்தான் கொடி வெட்டும் வேலையாம். திராட்சைத் தோட்டம் வைத்து வெள்ளை ஒயின் போடும் குடும்பம். என் ஒரே மகளை அங்கேதான் கொடுத்தேன். கொடுத்தேன் என்ன, அவளே போனாள்.

போன வருஷம் சம்பந்தி போய்ச் சேர்ந்தார். தோட்டம், நிலவறை, கடை எல்லாம் இப்போது மூன்று பேர் தலையில். பக்கத்துப் பெரிய கம்பெனி விலைக்குக் கேட்கிறதாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் போனில் சொல்லிவிட்டேன், "வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, உன் ரூம் அப்படியே இருக்கு" என்று. "சரிம்மா, பார்க்கிறேம்மா" என்றாள். மீதியை நேரில் முடிக்க வேண்டும்.

ஜனவரி 13. போகி. தூறல்.

சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் கூன் விழுந்துவிட்டது. ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்தாள். நான் கட்டை மாதிரி நின்றேன். மறப்பேனா?

மலர் கல்யாணமான மறு வருஷம் அறுவடைக்குப் போயிருந்தேன். வீட்டை ஒட்டியே கடை, புது ஒயின் ஊற்றுவார்கள். வாசலில் ஒரு பைன் கொப்பு காய்ந்து தொங்கியது. வாசலில் காய்ந்த தழை தொங்கினால் வீட்டுக்கு ஆகுமா? அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். அந்த ஊரில் கொப்பு தொங்கினால்தான் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு யார் சொன்னார்கள்? சாயங்காலம் வந்தவர்களெல்லாம் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இந்த அம்மா எல்லார் முன்னாலும் கத்தினாள். பாஷை புரியாவிட்டால் என்ன, திட்டு புரியாதா? மறுநாள் தோட்டத்தில் எனக்கு நாற்காலி போட்டாள், நோயாளிக்குப் போடுகிற மாதிரி.

சம்பந்திதான் சிரித்துக்கொண்டே எழுப்பிவிட்டு ஒரு வரிசையைக் காட்டினார். அந்தப் பனி. விரலெல்லாம் பிசுபிசுப்பு. சட்டைக் கையில் தேனீ. ஒரே வரிசையில் வேறு வேறு ஜாதித் திராட்சை, எல்லாம் ஒரே கூடையில். பிரிக்க வேண்டாமா என்று கேட்டேன். "இந்த ஊர் ஒயினே அப்படித்தாம்மா. ஒண்ணா வளர்ந்தது, ஒண்ணாவே பிழியணும்" என்றாள் மலர். மத்தியானம் கொடி நிழலில் ரொட்டி, நான் கொண்டுபோன மாங்காய் ஊறுகாய். சம்பந்தி கண்ணில் தண்ணீர் வரத் தின்றார். நல்ல மனுஷன். அப்படி ஒரு வாரம் எனக்குப் பிறகு வரவில்லை.

ஜனவரி 14. பொங்கல். வெயில்.

காலையில் மூவரும் கீழே போனோம். காய்க்கடை முருகையா: "யாருக்கா இது, சம்பந்தியா? நல்ல பொருத்தம் லா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி முறைக்கிறீங்க." மலர் அதை அவள் பாஷையில் சொல்ல, அந்த அம்மா ஓவென்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பால் நன்றாகப் பொங்கியது. சம்பந்தியம்மா கொண்டுவந்த பாட்டிலை மலர் திறந்து, "குடிக்க வேணாம், மோந்தாவது பாரும்மா" என்றாள். மோந்தேன். மிளகு வாசனை, சத்தியமாக. பாட்டிலைத் தள்ளி வைத்தேன்.

மலர் ஐஸ் வாங்கக் கீழே போன நேரம். சம்பந்தியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். எனக்கும் அவளுக்கும் இருக்கிற இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. "மலர் கோ, ஆல் ஃபினிஷ். யூ டெல் மலர், ஸ்டே. பிளீஸ்."

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். "ஈட், ஈட்" என்று இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தேன். கெஞ்சினாளே என்று உள்ளே கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. இதை யார் படிக்கப் போகிறார்கள்?

ஜனவரி 16. நல்ல வெயில்.

மார்க்கெட்டிலிருந்து வந்தேன். லிஃப்ட் கதவு திறக்கும்போதே சத்தம். வராந்தாவில் என் மல்லிகைத் தொட்டி முன்னால் இருவரும் சண்டை. செடி மொட்டை! பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சம்பந்தியம்மா ஒரு கிளையைக் காட்டுகிறாள், மலர் அவள் கையைத் தட்டிவிடுகிறாள். காலை உதைத்துக்கொண்டு பேசுகிறாள் என் மகள்.

"அடியே, என் செடி!"

"சும்மா இரும்மா! இவங்க சொல்ற கணுவுல வெட்டினா எல்லாம் உள்பக்கமா வளர்ந்து அடைச்சுக்கும்."

பிறகு இருவரும் கடைசிக் கிளைமேல் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். மலர் என்னவோ சொன்னாள். கிழவி அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை. சிரிப்பு.

இந்த வீட்டில் இருந்தவரை அவள் ஒரு இலை கிள்ளியதில்லை. என்னிடம் எப்போதும் சரிம்மா. கல்யாணத்துக்குக் கேட்டபோதும் சண்டை போடவில்லை. சரிம்மா சரிம்மா என்றே ஃப்ளைட் ஏறிவிட்டாள். விருந்தாளிதான் சரி சரி என்பான். வீட்டு மனுஷி என்றால் எதிர்த்துப் பேசுவாள்.

மொட்டைச் செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரி 17. புழுக்கம்.

மலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, கம்பெனிக்குப் பதில் சொல்லணும். நீ வான்னு சொன்னா வந்துடுறோம்."

"எங்க வருவே? ரூமை வாடகைக்கு விட்டாச்சு."

"எப்போ?"

"முந்தாநாள். தஞ்சாவூர்ப் பொண்ணு. நர்ஸ். நீங்க கிளம்பினதும் வருவா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"என் வீடு. உன்னைக் கேட்கணுமா?"

"அது என் ரூம்மா!" கத்தினாள். நல்ல கத்தல், கீழ் மாடிக்குக் கேட்டிருக்கும். கதவை அடித்துச் சாத்தினாள்.

சம்பந்தியம்மா சமையலறை வாசலில் நின்றாள். புரிந்ததோ இல்லையோ, என் கப்பை வாங்கிக் கழுவி வைத்தாள். சோப்பு அதிகம்.

ஜனவரி 19. மறுபடி மழை.

நேற்று அனுப்பிவிட்டு வந்தேன். மலர் ஏர்போர்ட் வரை பேசவில்லை. உள்ளே போகிற இடத்தில் திரும்பி, "தோட்டத்தை விக்கல. போதுமா?" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

இன்று காலை முருகையாவிடம் கேட்டேன், ரூம் தேடுகிற பெண் யாராவது உண்டா என்று, நர்ஸாக இருந்தால் நல்லது. "ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?" என்கிறான். மத்தியானமே ஒருத்தியை அனுப்பிவிட்டான். திங்கட்கிழமை வருகிறாள். நர்ஸ்தான். ஊர் தஞ்சாவூர் இல்லை, அறந்தாங்கி.