கோமளா மேடம் கையெழுத்துப் போடாத மெமோ

கரோல் பாக், தில்லி
ஜூன் 14, ஞாயிறு

அன்பு மகன் ராஜவேலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் புனேயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ அதற்குள் அச்சா அச்சா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உன்னை மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்க வைத்ததற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். இங்கே வெயில் கொளுத்துகிறது. கூலர் தண்ணீரைச் சிந்துகிறதே தவிரக் காற்றைக் காணோம், ரிப்பேர்க்கார பையா நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டான். மஞ்சு பரீட்சையை முடித்துவிட்டாள், நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள், உன் தங்கச்சி முகத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, மெட்ரோ படி ஏறும்போது மட்டும் வருகிறது, கடைத்தெருவில் நாலு மணி நேரம் சுற்றும்போது வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பேசும்போது உன் டீமில் ஷ்ரேயா என்று ஒரு பெண், நாலு வருஷம் நன்றாக வேலை செய்தவள், இரண்டு மாதமாகத் தப்புக்குமேல் தப்பு செய்கிறாள், லேட்டாக வருகிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள், அவளை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கடிதம் தயார், மாதக் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்று சொன்னாய். அலட்சியம்ப்பா, சுத்த அலட்சியம் என்றாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். அதற்குக் காரணம் உண்டு ராஜா. உன்னிடம் மூன்று மாதமாக மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன், படித்தவுடன் போனை எடுத்து அம்மாவைத் திட்டாதே, அவள் வாயைக் கட்டியது நான்தான்.

மார்ச்சில் எனக்கு நாலு நாள் காய்ச்சல் வந்ததே, அது போகும்போது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, வாசனைதான் இல்லை. பெருங்காயத்தை உள்ளங்கையில் வைத்து இழுத்தேன், சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருந்தது. எங்கள் தொழில் பழக்கம் உனக்குத் தெரியும், சாப்பிட வந்தவர்கள் கை வைக்கும் முன்னால் சமைக்கிறவன் நாக்கில் வைக்கக் கூடாது. கரண்டியால் ஒரு கலக்கு, ஆவியை முகத்துக்குக் கிட்டே வாங்கி ஒரு இழுப்பு, உப்பு தூக்கலா புளி தூக்கலா என்று தெரிந்துவிடும். சாணக்யபுரியில் எங்கள் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான் ஓட்டினேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அதனால் மூக்கு போனதும் எனக்கு வந்த பயத்தைக் கேட்காதே. ஐம்பத்தைந்து வயசில் வாசனை தெரியாத சமையல்காரனை எவன் வைத்துக்கொள்வான்? யாரிடமும் சொல்லவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்பாய். நாக்கும் பாதி மரத்துத்தான் இருந்தது, போதாததற்குக் காய் நறுக்கும் பூங்கோதை பார்த்துவிட்டால் அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கிச்சன் முழுக்கத் தெரிந்துவிடும் என்று வெட்கம். வாசனை வருகிற மாதிரியே தினம் கரண்டியைத் தூக்கித் தூக்கி நடித்தேன்.

நடிப்பு எத்தனை நாளைக்கு? ஒரு நாள் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். இன்னொரு நாள் ஊசிப்போன தேங்காய்ச் சட்னியை மேஜைக்கு அனுப்பினேன், வந்திருந்த பெரிய அதிகாரி வாயில் வைத்துவிட்டு அப்படியே எழுந்து போனார். வீட்டிலும் ஒரு காலையில் அடுப்பு அணைந்து கேஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்த அம்மா ஓடிவந்து மூடினாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு ஆகியும் ஆபீஸில் நான் வாயைத் திறக்கவில்லை பார், என்ன புத்தி என்று சொல்.

அந்த அதிகாரி மேலே புகார் சொல்லி, எங்கள் மேனேஜர் கோமளா மேடத்துக்கு எனக்கு மெமோ கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அவரும் டைப் அடித்துவிட்டார். ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு நாள் பதினொரு மணிக்குக் கிச்சனுக்குள் வந்து சும்மா நின்றார். பாயசத்துக்குப் பால் ஏற்றியிருந்தேன். பால் அடிப்பிடித்துவிட்டது. பூங்கோதை திரும்பினாள், பாத்திரம் தேய்க்கிறவன் திரும்பினான், வாசலில் நின்ற டிரைவர்கூட எட்டிப் பார்த்தான், அடுப்புக்கு முன்னால் நின்ற நான் மட்டும் ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். மேடம் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து, ஏகாம்பரம், உங்களுக்கு வாசனை தெரியலையா என்று கேட்டார். சளி மேடம் என்றேன். எத்தனை நாளா என்றார். அந்த எத்தனை நாளாவைக் கேட்டதும் நான் உடைந்துபோனேன் ராஜா, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

அவர் ஒன்றும் மலையைப் புரட்டவில்லை. மத்தவங்ககிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், வேலையைத் தொடர்ந்து பார்க்க உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க என்றார். எனக்கு என்ன தெரியும், இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். அடுப்பு வேலையில் பூங்கோதையை என் பக்கத்தில் நிறுத்துவது, ஒவ்வொன்றுக்கும் உப்பை அளந்து சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டுவது, வாரத்தில் இரண்டு காலை ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி. நானே சம்மதித்த பிறகு, ஆள் அலட்சியக்காரன் இல்லை, வைத்தியம் நடக்கிறது என்று மேலே எழுதினார். கிச்சனில் நானே சொல்லிவிட்டேன். பூங்கோதை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இவ்ளோதானாண்ணே, நான் என்னவோ நீங்க எங்க மேல கோவமா இருக்கீங்கன்னு ரெண்டு மாசமா பயந்துக்கிட்டு கெடந்தேன் என்றாள். இப்போது அவள்தான் என் மூக்கு. அண்ணே ஜல்தி ஜல்தி, தாளிப்பு கருகுது என்று அவள் போடும் அதிகாரத்தை நீ பார்க்க வேண்டும். டாக்டர் வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார். காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சைத் தோல் என்று டப்பா டப்பாவாக அம்மா மூக்கில் நீட்டுகிறாள். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மே மாதத்திலிருந்து ஒரு சாப்பாடும் திரும்பி வரவில்லை.

ஷ்ரேயாவுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. உடம்போ, வீடோ, ஒன்றுமே இல்லாமல் உண்மையிலேயே அலட்சியமோ, அப்படியிருந்தால் அது வேறு. ஆனால் ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதை நம்பிவிடாதே, நானும் சளி என்றுதான் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டு உட்காரவை. துருவித் துருவிக் கேட்காதே, சொல்ல மனமில்லாவிட்டால் விட்டுவிடு, வேலை பார்க்க என்ன வேண்டும் என்று மட்டும் கேள். மாதக் கடைசி வரை காத்திருக்காதே, நாளாக நாளாகப் பயம்தான் ஏறும், வாய் திறக்காது, இது என் அனுபவம்.

இதோடு ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். கோமளா மேடம் எனக்காக டைப் அடித்த மெமோ அது, நீங்களே கிழிச்சுப் போடுங்க என்று கொடுத்தார், எனக்குக் கிழிக்க மனம் வரவில்லை. தொடர்ந்த அலட்சியத்துக்காக என்னை ஏன் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று அதில் கேட்டிருக்கிறது. நீ போனில் சொன்ன அதே வார்த்தை. அதை ஒரு தரம் படி. பிறகு நீ எழுதி வைத்திருக்கும் கடிதத்தை எடுத்து, ஷ்ரேயா என்று இருக்கும் இடத்தில் எல்லாம் ஏகாம்பரம் என்று வைத்துப் படி. அதற்குப் பிறகும் கையெழுத்துப் போட உனக்குக் கை வந்தால் போடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நீ நல்ல பிள்ளை, அது எனக்குத் தெரியும், தெரியாவிட்டால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நோய்நொடி இல்லாமல், நாலு பேருக்கு நிழலாக நீண்ட ஆயுசோடு இரு என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். வெயிலில் தொப்பி இல்லாமல் பைக் ஓட்டாதே. படித்து முடித்ததும் மெமோவை மறக்காமல் திருப்பி அனுப்பு, எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் வேலையில் இருக்கிற உன் அப்பா,
ஏகாம்பரம்