மூக்கு மச்சத்தின் ராசி

அன்புத் தங்கச்சிக்கு,

மூத்த பேத்தி வக்கீல் பரீட்சையில் தேறிவிட்டாள். அவள் தம்பி நீச்சலில் முதல் பரிசு வாங்கினான். என் சின்ன மகனின் மகள் கணக்கில் நூற்றுக்கு நூறு. எல்லாம் என் மூக்கு மச்சத்தின் ராசி என்று நீ எழுதுவாய், தெரியும்.

அந்த மச்சம் வளர்ந்து, கசிந்து, ஆறவே இல்லை. டாக்டர் அதைப் புற்று என்றார். வெட்டி எடுக்காவிட்டால் மூக்கையே அரித்துவிடுமாம். மூன்று மாதம் மழுப்பினேன். தழும்புக்குப் பயமில்லை. பிள்ளைகளின் ராசி போய்விடுமே என்றுதான் பயந்தேன். அதை மூத்த பேத்தியிடமே உளறிவிட்டேன்.

"கண்ணு முழிச்சுப் படிக்கிறது நானு, பேரு மட்டும் உங்க மூக்குக்கா பாட்டி?" என்றாள். நான் சிரித்து முடிப்பதற்குள் ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டாள்.

முழுசாக எடுத்தாகிவிட்டது. மிச்சம் எதுவும் இல்லையென்று டாக்டரே சொன்னார். தையல் பிரித்த அன்றுதான் அவள் தேறிய சேதி வந்தது. மச்சம் போன பிறகுதான் வந்தது, கவனி.

இத்துடன் என் போட்டோ இருக்கிறது. தழும்பு நன்றாகத் தெரியும்படி எடுக்கச் சொன்னேன். உன் கன்னத்து மச்சமும் கசிகிறது என்று எழுதியிருந்தாயே, நாளைக்கே டாக்டரிடம் போ. அது போன பிறகு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடு.

இன்னமும் மச்சக்காரியான
உன் அக்கா