பிரசிடெண்ட் ஐயாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

1954 மார்ச் 8, திங்கள்

தொழிற்சங்க ஆபீசில் எனக்குப் புது வேலை. அமெரிக்காவில் ஜனாதிபதி எப்படி ஆள்கிறார் என்று மாதாமாதம் தெருவில் போகிறவர்களைப் பிடித்துக் கேட்டுப் பத்திரிகையில் போடுகிறார்களாம். எங்கள் சங்கத் தலைவர் வக்கீல் ரங்கபாஷ்யம் அதை எங்கோ படித்திருக்கிறார். தன்னைப் பற்றியும் துறைமுகக் கரிக்கிடங்கு மெம்பர்கள் எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்கிறார். "பயப்படாமல் சொல்லச் சொல்லப்பா. இதுதான் ஜனநாயகம்." மயிலாப்பூரிலிருந்து காரில் வந்து ஜனநாயகத்தை இறக்கிவிட்டுப் போகிறார்.

காரணம் வேறு. கிடங்குக்குக் கிரேன் வரப்போகிறது. ஆண்களுக்குக் கூலி உயரும். கரிக்கூடை சுமக்கும் பெண்கள் வீட்டுக்கு. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இவர் தயார். போடுமுன் தன் செல்வாக்கைக் கம்பெனிக்குக் காட்ட வேண்டும்.

என் அக்கா குப்பம்மாவும் கூடைதான் சுமக்கிறாள். மாமா ரங்கூனுக்குப் போனவர் போனவர்தான். அவள் கூலியில்தான் இங்கே உலை வைக்கிறோம். சங்கம் எனக்குக் கொடுப்பது டீச்செலவுக்குக் காணும்.

மார்ச் 9

இரண்டு கேள்வி. "தலைவர் பணி எப்படி - நல்லதா, சுமாரா, மோசமா?" இது அவருடையது. "கிரேன் ஒப்பந்தம் வேண்டுமா?" இது நான் சேர்த்தது. செயலாளர் கோதண்டம் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். கேள்வியை அடித்துவிடவில்லை.

மார்ச் 10

மத்தியானம் கிடங்கு வாசலில் நின்று கேட்டேன். எல்லோரும் நல்லவர் என்கிறார்கள். கூடை சுமக்கும் ராஜாத்திகூட! மேஸ்திரிகள் அவள் வாய்க்குப் பயந்து சுற்றிக்கொண்டு போவார்கள். அவளுமா?

"இன்னாத்த கேக்குற நீ? என் கண்ணாலத்துக்குத் தாலி எட்துக் குட்த்தவரு அவுரு. அவுர மோசம்னு என் வாயால சொல்லி, நாளிக்கு என் வூட்டுக்காரருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா வருவ?"

"சரி, கிரேன்?"

"அத்தத் தூக்கிக் கடல்ல போடு."

"அவர்தானே கையெழுத்துப் போடப் போகிறார்?"

"அவுரு நல்லவரு நைனா. போட மாட்டாரு."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான்.

பத்து வருஷமாக இந்தப் பக்கத்துக் கல்யாணம் எதுவும் அவர் தலைமை இல்லாமல் நடந்ததில்லை. பிள்ளைகளில் பாதிக்கு அவர் வைத்த பெயர். அக்கா மகள் சுதந்திராவுக்கும்.

மார்ச் 11

அக்காவையும் கேட்டேன்.

"நல்லவருன்னு எய்திக்க."

"வேலை போகப் போகுதுக்கா."

"எம் பொண்ணுக்குப் பேரு வெச்ச வாய்டா அது. அத்தப் போயி ஏசச் சொல்றியா?"

பேரு வெச்சாரு சரி, அவரா சோறு போடப் போறாரு? கத்திவிட்டேன். அவள் தலையில் ஒட்டிய கரியைக் கழுவப் போனாள்.

மார்ச் 13

கணக்கு முடிந்தது. தலைவரை மோசம் என்றவர் ஒருவர்கூட இல்லை. கிரேன் வேண்டும் என்றவர்களும் அநேகமாக இல்லை. ஆண்களும் வேண்டாம் என்கிறார்கள். சுமக்கிறவர்கள் அவர்களுடைய பெண்டாட்டிகளும் அம்மாக்களும்தானே.

வக்கீல் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். "பார்த்தீரா கோதண்டம், ஏகமனதாக!" இரண்டாவதைக் காட்டினேன். "அது நுணுக்கமான விஷயம். ஜனங்களுக்குப் புரியாது. என்னை நம்புகிறார்கள். நான் செய்வதையும் நம்புவார்கள்."

28-ஆம் தேதி ஆண்டுக் கூட்டம். அது முடிந்ததும் கையெழுத்தாம்.

மார்ச் 14

இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

மார்ச் 22

வக்கீல் சொன்னதை ராஜாத்தியிடம் அப்படியே சொன்னேன். கூடையை இறக்கி வைத்தாள்.

"நமக்குப் புரியாதுன்னாரா?"

"ஆமாம். அவரை இறக்க வேண்டுமானால் நம்பிக்கை இல்லை என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும்."

"அது யாரு வாய்லயும் வராது." சிந்திய கரியை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டு, "பிரசிடெண்ட்டுக்கு மேல இன்னா கீது சங்கத்துல?"

"ஒன்றுமில்லை. கௌரவத் தலைவர் என்று வேண்டுமானால் போடலாம். அலங்காரத்துக்கு."

"அவுரு கையெய்த்துப் போடலாமா?"

"முடியாது."

கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 28, ஞாயிறு

கூட்டம். வக்கீல் கணிப்பின் முடிவைத் தானே வாசித்தார், முதல் கேள்வியை மட்டும். கைதட்டல். பெண்கள்தான் அதிகம் தட்டினார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

பிறகு ராஜாத்தி மாலையோடு மேடை ஏறினாள். ஆளுயர மாலை.

"ஐயா நமக்கு சாமி மாரி. சாமியக் கூட்டிகினு போயி கம்பெனிக்காரங்கூட மல்லுக்கட்ட வுடலாமா? பாவமில்ல? அத்தொட்டு, இன்னிலேந்து ஐயாதான் ஆயுசு பூரா நம்ம கௌரவத் தலைவரு. ஓடியாடற பேஜாரு வேல எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

மைதானமே விசிலடித்தது. அவர் மாலைக்குள் கைகூப்பி நின்றார். அவருக்கு விஷயம் புரிவதற்குள் கோதண்டம் - முகம் சுளித்த அதே கோதண்டம்! - புதுத் தலைவர் பதவிக்கு ராஜாத்தி பெயரைச் சொல்லிவிட்டார். எல்லாக் கையும் தூக்கியாயிற்று. வக்கீல் நன்றிகூடச் சொன்னார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. சீ, நானுமா!

ஏப்ரல் 12

ஒப்பந்தத்தில் ராஜாத்தி கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். பெண்களில் ஒருத்தியையும் நிறுத்துவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் கிரேன் வரட்டும் என்கிறாள். கம்பெனி யோசிக்கிறது. யோசிக்கட்டும்.

மே 5, புதன்

யாரும் சொல்லாமல் நானாகவே மறுபடி கேட்கக் கிளம்பினேன். கிடங்கில் முதலில் எதிரே வந்தவள் அக்கா. தலைவர் பணி எப்படி என்று கேட்டேன். கூடையை இறக்காமலே ஆரம்பித்தாள்.

"யாரு, அவளா? கயிதை! முந்தாநேத்து கம்பெனிக்குப் பேசப் போனவ, குடிக்கத் தண்ணிக் கொயா கேக்காமத் திரும்பி வந்துகீறா. இன்னிக்கு வரட்டும், கீது அவளுக்கு. மோசம்னு எய்திக்க. பெரிசா எய்து, அவ கண்ணுக்குத் தெரியணும்."

எழுதிக்கொண்டேன்.