கமலா ஆரஞ்சு கேக்

கடலூர்
9.1.2009

அன்புள்ள அக்கா,

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. விடியும்வரை பொறுக்க முடியவில்லை.

மூன்று வயதாகியும் தீபிகா ஒரு வார்த்தை பேசவில்லை, டாக்டரிடம் காட்டு என்று நீ சொன்னாய். நான் கத்தினேன். எட்டு மாதமாக உன்னிடம் பேசவுமில்லை.

இன்றைக்கு நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே கமலா ஆரஞ்சில் தோலும் சேர்த்து மார்மலேட் ஜாம் கிண்டினேன். தோலின் உள்வெள்ளையைச் சுரண்ட மறந்துவிட்டேன். ருசிகூடப் பார்க்காமல் அதை மாவில் கலந்து, குக்கரில் மணல் பரப்பி, வெயிட் போடாமல் கேக்கும் சுட்டேன்.

முதல் துண்டை தீபிகாவுக்கு ஊட்டினேன். மூஞ்சியைச் சுளித்துத் துப்பிவிட்டு, "கசக்குது!" என்றாள்.

பேசிவிட்டாள் அக்கா! நம்பாமல் இன்னொரு துண்டு ஊட்டினேன். "கசக்குதும்மா!"

அவர் ஓடி வந்தார். "அறிவிருக்காடி? புள்ளதான் கசக்குதுங்குதே!" என்று திட்டினார். அப்புறம், "குடு, நான் ஒருவாட்டி ஊட்டுறேன்" என்று கையை நீட்டினார். அழுதுகொண்டே சிரித்தோம்.

ஒரே வார்த்தைதான், தெரியும். நீ சொன்ன டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை சிதம்பரம் வரட்டுமா? தனியாகப் போக பயமாக இருக்கிறது, நீயும் கூட வா. சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கச்சி