இரண்டு ஊருக்கும் ஒரே இன்ஜினியர்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. போனில் பேசலாமே என்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று இரண்டு தடவை சொன்னால் வைக்கப்போகிறாய் என்று அர்த்தம், கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பார். உட்கார்ந்திருக்கிறேன் என்றேனே தவிர, இந்த நாலு வரிக்குள் இரண்டு முறை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து மூடிவிட்டு வந்தேன். கொஞ்ச நாளாக எனக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. அப்பா வாஷிங் மெஷினைக் கழற்றிக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். கம்பெனிக்குப் போன் செய்தால் மெக்கானிக் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். ஊருக்கெல்லாம் ஆள் திட்டம் போடுறவளால வீட்டுக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வர முடியலையான்னு கிண்டல் வேறு.

என் வேலை உனக்குத் தெரியும், இந்த வட்டாரத்தில் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு ஆள் தேவைப்படும், அவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் அது மேஜைமேல் நடக்கிற வேலையாகத்தான் இருந்தது. இந்தக் கோடையில் அது குழாய் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்தது, அதாவது தண்ணீர் வராமல் போனது. நீரேற்று நிலையத்தில் மோட்டார்களை ஓட்டுகிற கன்ட்ரோல் பேனல் நின்றுவிட்டது. அதைப் பார்க்கத் தெரிந்த இன்ஜினியர் வேலை நம் ஊரில் காலியாகி ரொம்ப நாளாயிற்று, எத்தனை விளம்பரம் கொடுத்தும் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் இன்ஜினியர்தான் நமக்கும் சேர்த்துப் பார்க்கிறார், இரண்டு ஊருக்கும் ஒரே மாப்பிள்ளை மாதிரி, மரியாதை மட்டும் மாப்பிள்ளைக்குரியது இல்லை. மூக்கின்மேல் ஒரு கண்ணாடி நெற்றியின்மேல் ஒரு கண்ணாடி என்று அலைவார், அதனால் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பார்த்து அவர் ஊரிலும் ஏதோ கோளாறு. அந்த ஊர் நகராட்சி ஆணையர் அவரைப் போகக்கூடாது என்கிறார், நம் ஊர் ஆணையர் வராவிட்டால் நடப்பதே வேறு என்கிறார். இதற்கிடையில் பெரிய ஆஸ்பத்திரியில் தண்ணீரில்லாமல் டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். நம் தெருமுனைக் கடைக்காரரின் மனைவி அதற்காகப் போய் நாற்காலியில் காத்திருந்து, உடம்பு வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்து, கடைசியில் வேறு ஊருக்கு வண்டி வைத்துக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் அவரை ஏற்றும்போது நான் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றிருந்தேன், அதற்குப் பிறகு ஆபீஸில் உட்கார முடியவில்லை. நேராக நீரேற்று நிலையத்துக்குப் போனேன். எப்படியோ அவர் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்த கண்ணாடிக்காரர் பேனலுக்கு எதிரே ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தரையில் இரண்டு போனும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்து, மேடம், இந்த சென்சாரைத் தாண்டி மோட்டாரை ஓட்டிப் பாக்கலாம்னு தோணுது, தப்பாப் போச்சுன்னா மோட்டாரே எரிஞ்சிடும், நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டார். எனக்கு மிக்ஸி ஓடாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிச் சொருகத் தெரியும், அவ்வளவுதான். ஓட்டுங்க என்றேன். ஓட்டினார், ஓடியது. வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சூட்டோடு, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பிரிவில் சேர ஆளில்லாமல் மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பள்ளி முடித்த பிள்ளைகளின் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோரும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்கிறார்கள். ஒரு தையற்கார அம்மா மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். இங்கேயே வேலை இருக்கு, பொண்ணு உங்க கண்ணு முன்னாடியே இருப்பா என்று நான் நீட்டி முழக்க, அவர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, உங்க பொண்ணு எங்க இருக்காங்க என்றார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. வெளிநாட்டுல, மின் நிலையத்துல என்றேன். என்ன படிச்சாங்க என்றார். இதேதான், எலெக்ட்ரிகல் என்றேன். அப்ப சேத்துக்கோங்க, என் பொண்ணும் அப்படியே போகட்டும் என்று அப்போதே சம்மதம் சொல்லிவிட்டார். ஓர் ஆள் சேர்ந்தது என்று சந்தோஷப்படுவதா, அதுவும் பறக்கத்தான் போகிறது என்று கவலைப்படுவதா, தெரு முழுக்க அதையே யோசித்துக்கொண்டு நடந்து பஸ்ஸைக் கோட்டைவிட்டேன்.

அந்த வாரமே கண்ணாடிக்காரர் ராஜினாமா கொடுத்துவிட்டார். எங்கள் அலுவலகத் தலைவர் என்னைத்தான் அனுப்பினார், சம்பளத்தை ஏற்றிக் கொடுப்பதாகச் சொல்லி எப்படியாவது மனதை மாற்றுங்கள் என்று. கண்ணாடிக்காரர் வீட்டில் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தார். நான் சம்பளத்தைச் சொன்னதும் சிரித்தார். பணம் இல்ல மேடம், அன்னைக்கு நான் உங்ககிட்ட கேட்டேனே, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், வேற யாருகிட்ட கேக்குறது, எந்த முடிவெடுத்தாலும் நான் ஒருத்தன்தான், தப்பாப் போனா ரெண்டு ஊரும் என் தலைமேல ஏறும், சரியா போச்சுன்னா யாருக்கும் தெரியவே தெரியாது, பக்கத்துல ஒரு ஆள் இருந்து இது சரியாடான்னு கேக்க முடிஞ்சா நான் ஏன் போறேன் என்றார். நான் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது இதைத்தான். தேவை இவ்வளவு, இருப்பு இவ்வளவு, பற்றாக்குறை இவ்வளவு என்றுதான் இத்தனை காலம் எழுதினேன், அந்த இருக்கிற ஒருவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதினேனா.

திட்டத்தைத் திருப்பி எழுதினேன். ஊருக்கு ஒருவர் என்று தேடுவதை விட்டுவிட்டு, இரண்டு ஊருக்கும் சேர்த்து மூன்று இன்ஜினியர்கள் ஒரே குழுவாக, ஒரே அறையில், தலைமை கண்ணாடிக்காரர். கூட்டத்தில் தலைவர் எகிறினார். ஒருத்தருக்கே வழியக் காணோம், நீங்க மூணு பேர் கேக்குறீங்களே என்றார். ஒருத்தரைத் தேடுறதாலதான் சார் ஒருத்தரும் வரல என்றேன். இத்தனை நாளும் சண்டை போட்ட பக்கத்து ஊர் ஆணையர்தான், செஞ்சு பாக்கலாம், எங்களுக்கும் இவரைக் கயிறு இழுக்குற மாதிரி இழுத்துக் கை வலிக்குது என்றார். ஒரு வருடம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. கண்ணாடிக்காரர் பெட்டிகளைப் பிரிக்கவில்லை, மற்ற இருவரும் வருகிறார்களா என்று பார்க்கிறவரை இருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வருவார்களா என்றுதான் தினமும் தபாலையும் ஈமெயிலையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது தலைவர், அந்த ரெண்டுல ஒண்ணு உங்க பொண்ணாவே இருக்கட்டுமே, எழுதிக் கேளுங்க என்றார். நான் அவளுக்கு அம்மா சார், ஆள் பிடிக்கிற ஆபீஸ் இல்ல என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னதற்கு, கையில் ஸ்குரூ டிரைவரோடு, கேட்டுத்தான் பாரேன் என்றார். கேட்கப்போவதில்லை. நான் கேட்க நினைப்பது வேறு. போன மாதம் நீ பேசும்போது உன் ஷிஃப்டில் கூட யார் இருப்பார்கள் என்று கேட்டேன், யாரும் இல்லம்மா, முழு நிலையத்துக்கும் நான்தான் இன்சார்ஜ் என்றாய். அதை அத்தையிடமும் சித்தியிடமும் மாடி வீட்டுக்காரரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். கண்ணாடிக்காரர் வீட்டிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அந்த யாரும் இல்லம்மா மட்டும்தான் காதில் கேட்கிறது. அங்கே உனக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பாய், கண்ணு? எனக்கு ஒன்றும் தெரியாதுதான். இருந்தாலும் கேட்க ஆளில்லாதபோது எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, நீ வாய்விட்டுச் சொல்லும்போதே உனக்குப் பதில் தெரிந்துவிடும், நான் உம் கொட்டுகிறேன்.

தீர்க்காயுசாக, மனம் நிறைந்து, நாலு நல்லவர்கள் சூழ இரு. தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு, ஷிஃப்டுக்கு வெறும் வயிற்றோடு போகாதே, கேட்ட கேள்விக்கு மறக்காமல் பதில் எழுது, சரிம்மா என்று மட்டும் எழுதாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா