பாலம் இறங்கிய வியாழக்கிழமை

அவர்கள் பச்சைச் சட்டை போட்டிருக்கிறார்கள். வேறு எதைச் சொல்வதற்கு முன்பும் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

பெருநாளைக்கே வர வேண்டிய அத்தா, பத்து நாள் தாமதமாக முந்தாநாள்தான் துபாயிலிருந்து வந்தார். கூடவே கலர் டிவி வந்தது. பெட்டியைப் பிரித்தபோது எழுந்த புது பிளாஸ்டிக் வாசனை இன்னும் எங்கள் கூடத்தை விட்டுப் போகவில்லை. பழைய கறுப்பு வெள்ளை டிவியை மூலையில் இறக்கி வைத்துவிட்டு, அண்ணன் வீடியோ கேமின் ஒயரைப் புதியதில் செருகினான். நம்முடைய கேசட்டைத்தான் முதலில் போட்டான். அந்தக் குட்டிச் சிப்பாய் துப்பாக்கியோடு ஓட ஆரம்பித்தான். எதிரிகள் எல்லாரும் சிவப்புச் சட்டை. அவர்களுக்கு நடுவே நீ கண்டுபிடித்த ஆட்கள் மட்டும் கிளிப்பச்சை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும், யாரைச் சுட வேண்டும், யாரைச் சுடக் கூடாது என்று.

நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். "கலர் டிவி வந்ததுக்கா இவ அழுவுறா?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது.

போன மழைக்காலத்தில் ஊருக்கு வந்த ஒருவரிடம் அத்தா அந்த வீடியோ கேமைக் கொடுத்தனுப்பியிருந்தார். கூட மூன்று கேசட்டுகள். கார் ஓட்டுவது ஒன்று, காளான் மேல் குதிப்பது ஒன்று. மூன்றாவது, ஓடிக்கொண்டே சுடுவது. கடிதத்தில் அத்தா, "மற்ற இரண்டும் கடைக்காரர் கொடுத்தது. இதை மட்டும் நானே பார்த்து எடுத்தேன். பிடித்திருக்கிறதா என்று எழுது" என்று எழுதச் சொல்லியிருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. அங்கே யாரோ எழுதித் தருவார்கள். இங்கே பதில் எழுதுவது நான்.

அண்ணனும் அவன் கூட்டாளிகளும் அந்தக் கேசட்டை இரண்டே நாளில் வெறுத்துவிட்டார்கள். ஒரு குண்டு பட்டால் போதும், சாவு. அதில் இரண்டாவது கட்டத்தின் முடிவில் ஓர் ஆறு வரும். அதன் பாலம் மேலே தூக்கியபடி நிற்கும், இறங்கவே இறங்காது. பின்னாலிருந்து எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். யாரும் அதைத் தாண்டவில்லை.

"டப்பா கேசட்டு. அத்தாவ எவனோ நல்லா ஏமாத்திட்டான்" என்றான் அண்ணன். "வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு பாண்டிக்குப் போய் வேற மாத்திட்டு வந்துடறேன்."

எனக்கு அந்த 'ஏமாத்திட்டான்' பொறுக்கவில்லை. அத்தா தானாகப் பார்த்து எடுத்த ஒரே பொருளை மாற்றிவிட்டு, "நன்றாக இருக்கிறது அத்தா" என்று நான் எப்படி எழுதுவது? வெள்ளிக்கிழமைக்குள் பாலத்தைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "காட்டு காட்டு, புஸ்தகப் புழு!" என்று சிரித்தார்கள்.

அரைப்பரீட்சை லீவு அது. நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஒரு ரஃப் நோட்டில், எந்தப் பனைமரத்துக்குப் பின்னால் யார் வருகிறான், எத்தனையாவது பாறையில் குனிய வேண்டும் என்று வரிசையாக எண் போட்டு எழுதினேன். மனப்பாடமும் செய்தேன். ஆனாலும் பாலம் இறங்கவில்லை.

என் அறிவியல் நோட்டைத் திருப்பிக் கொடுக்க நீ வந்தது அப்போதுதான். மழையில் நனைந்த காலோடு வாசலிலேயே நின்றாய். "உள்ள வந்து உக்காரும்மா" என்று அம்மாதான் கூப்பிட்டாள், நான் அல்ல. உப்பளத்தில் வேலை இல்லாத மாதம் என்பதால் உனக்குப் பொழுது இருந்தது. மறுநாளும் வந்தாய். நீ டிவிக்காகத்தான் வருகிறாய் என்று நினைத்து இரண்டு நாள் ஜாய்ஸ்டிக்கை உன் கையில் கொடுக்கவே இல்லை. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

கொடுத்த பிறகு நீ செத்ததுதான் அதிகம். ஒவ்வொரு தடவையும் சமையலறைப் பக்கம் திரும்பி, "பாயம்மா, நான் செத்துட்டேன்!" என்று கத்துவாய். "அப்படிச் சொல்லாதடி, வாய்ல அடி" என்று அம்மா திட்டுவாள். அதற்கும் சிரிப்பாய்.

வியாழக்கிழமை காலை. நான் ஆடிக்கொண்டிருந்தேன், நீ பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். திடீரென்று என் கையைப் பிடித்தாய்.

"ஏய், சுடாத. இவன் நடையப் பாரு."

"எதுக்கு?"

"மத்தவன்லாம் நேரா நம்ம மேல வர்றான். இவன் ரெண்டு எட்டு வெக்கறான், நிக்கறான். ரெண்டு எட்டு வெக்கறான், நிக்கறான். ரொம்ப நாளா காலக் கட்டிப் போட்டு இப்பதான் அவுத்து விட்டாப்ல இருக்குது. சண்டைக்கு வரலடி இவன். தப்பிச்சு வர்றான்."

நான் நோட்டைப் புரட்டினேன். "இவன் பதினேழாவது எதிரி."

"உன் நோட்டுல எழுதிட்டா அவன் எதிரியாயிடுவானா?"

சுடவில்லை. அவன் வந்து நம் சிப்பாயைத் தொட்டான். நாம் சாகவில்லை. அவன் பின்னாலேயே நடந்து வர ஆரம்பித்தான். ஒரு வாரமாக நம்மைத் தேடி வந்தவர்களை எல்லாம் நாமே சுட்டுக்கொண்டிருந்தோம். என் நோட்டில் இருந்த எதிரிகளில் ஒன்பது பேர் எதிரிகளே இல்லை. அந்தக் கறுப்பு வெள்ளை டிவியில் அவர்கள் எல்லாரும் ஒரே சாம்பல் நிறம்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?" என்றேன்.

"உப்பளத்துக்கு வந்து பாரு. உச்சி வெயில்ல உப்புக்கு மேல ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது, கண்ணு கூசும். எல்லாம் கறுப்புக் குச்சி மாதிரி நிப்பாங்க. கஞ்சி எடுத்துக்கினு போவும்போது எங்கம்மா எதுன்னு எப்படித் தெரியும்? நடைதான். உப்பு அறுத்து குதிகாலு வெடிச்சிக் கெடக்குது இல்ல, எங்கம்மா குதிகால ஊனாது."

"அப்ப என் நடை எப்படி?"

நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "சொல்ல மாட்டேன் போ."

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன், அந்த ஒன்பது பேரில் மூன்று பேர் நம் பின்னால் நடந்து வர, ஆற்றங்கரைக்கு வந்தோம். மூவரும் கரையில் நின்றதும் பாலம் இறங்கியது. சத்தமில்லாமல், மெதுவாக. நான் போட்ட கூச்சலில் அண்ணன் ஓடி வந்தான். டிவியைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், பிறகு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும் சொல்லிக் குடு."

"முதல்ல சொம்மா சொம்மா சுடறத நிறுத்துங்கண்ணா" என்றாய்.

மறுநாள் அவன் பாண்டிக்குப் போகவில்லை. நான் அத்தாவுக்கு எழுதினேன்: "நீங்கள் எடுத்த கேசட்தான் மூன்றிலும் நல்லது. கஷ்டமானது. ஆனால் நல்லது." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதற்காகக் குறையே இல்லாத ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். குதிக்கச் சொன்னால் அந்தச் சிப்பாய் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதிப்பான். அது நம் தவறு இல்லை. "அவனுக்கும் முட்டி வலி இருக்கும்டி" என்று நீ அதற்கும் பரிந்து பேசினாய்.

மூன்றாவது கட்டத்தில் ஒரு கோட்டைக் கதவு. அதை நாம் திறக்கவில்லை. பொங்கல் கழிந்து பாத்திகளைச் சீர் செய்யும் வேலைக்கு நீ உன் அம்மாவோடு போகத் தொடங்கினாய். பிறகு உனக்குக் காமாலை என்றார்கள். நான் வந்து பார்த்தபோது தலைமாட்டில் கீழாநெல்லி அரைத்த கிண்ணம் இருந்தது. உன் கண்ணைப் பார்க்க முடியாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கதவு தொறந்துச்சா?" என்று கேட்டாய்.

"நீ இல்லாம ஆடல."

"ஆடேன்டி. அவனுங்க காத்துக்கினு நிப்பானுங்க இல்ல."

மாசியில் நீ போய்விட்டாய். அன்று அம்மாவோடு வந்து, பெண்களுக்கு நடுவில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு உன் தெருப் பக்கமே போகவில்லை. உன் அம்மாவைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சுற்று வழியில் போய் வந்தேன். கேசட்டையும் தொடவில்லை.

முந்தாநாள் கொல்லைப்புறத்துக்கு அத்தா வந்தார். நான் ஏன் எழுந்து வந்தேன் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடையில இத ஓடவிட்டு வெச்சிருந்தான்மா. அந்தப் பச்சை ஆளுங்களத்தான் பார்த்தேன். ஒவ்வொருத்தனாக் கூட்டிட்டுப் போறான் பாரு, அது புடிச்சுது. சுடுற விளையாட்டுன்னு நான் நெனக்கல. ஆளக் கூட்டிட்டு வீட்டுக்குப் போற விளையாட்டுன்னு நெனச்சேன்."

அப்போது உன்னைப் பற்றிச் சொன்னேன். நிறமே தெரியாமல் நீ கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன்.

"அந்தப் புள்ளையோட அம்மாவப் போய்ப் பார்த்தியா?"



இன்று மதியம் போனேன். அத்தா கொடுத்த பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு உப்பளத்து வரப்பில் நடந்தேன். வைகாசி வெயில். நீ சொன்னது அப்படியே உண்மை. உப்பு கண்ணை அறுத்தது, தூரத்தில் எல்லாரும் கறுப்புக் குச்சிகள். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களில் யார் யார் என்று தெரியவில்லை. நின்றேன். பார்த்துக்கொண்டே நின்றேன். கூடையோடு வரப்பில் ஏறிய ஒருவர் குதிகாலை ஊன்றாமல் நடந்தார்.

கிட்டே போய்ச் சேர்வதற்குள் அவரே கூடையை இறக்கிவிட்டுக் கையைத் தூக்கினார்.

"வா கண்ணு. அந்தக் கோடியில வரும்போதே நெனச்சேன், பாயம்மா பொண்ணுதான்னு."

"எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"தரையில யாரோ எழுதி வெச்சதப் படிச்சிக்கினே வர்றாப்ல நடப்பான்னு எம்பொண்ணு வூட்டுல நடந்தே காட்டுவா. நாங்க சிரிச்சிக்கினே கெடப்போம்." அவர் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். உப்பளத்தில் எல்லாருமே அப்படித் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உன் அம்மாவோடு வரப்பிலேயே உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றேன். கோட்டைக் கதவைப் பற்றிச் சொன்னேன். "தொறந்தா வந்து சொல்லு" என்றார்.

திரும்பும்போது நிமிர்ந்து நடக்கப் பார்த்தேன். பத்து எட்டுக்கு மேல் முடியவில்லை. பிறகு குனிந்துகொண்டே நடந்தேன், இன்னும் கொஞ்சம் மெதுவாக. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை உன் அம்மா பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும்.