பின்னால் யாராவது நின்று பார்க்க வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்
மனைவி பேசவில்லை. மைத்துனன் வீட்டில் எல்லோர் முன்னாலும், "இவளுக்கு எங்க ஓட்டத் தெரியும்? என் காருக்குப் பின்னாடியே ஸ்கூட்டர்ல வரத்தான் தெரியும்" என்று நான் சொன்னதுதான் குற்றம். தமாஷுக்குச் சொன்னது. மைத்துனன்கூடச் சிரித்தான். இருக்கட்டும், வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது!

மார்ச் 6
சிக்னலில் ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டினார். "சார், பிரேக் போட்டா பின்னாடி லைட்டே எரியல. எப்ப நிக்கப் போறீங்கன்னு நான் என்ன ஜோசியமா பாக்குறது?"
சாயங்காலம் முன்விளக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சிவப்பாக எரிகிறது. லாரி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனையே செய்வதில்லை போல.

மார்ச் 7
லாரிக்காரரைப் பற்றிக் குறை சொல்ல மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். சிரிக்கிறார்! "நீங்க பாத்தது ராத்திரி லைட்டு சார். இங்க ஒரு வண்டி இருக்குன்னு மட்டும்தான் காட்டும். பிரேக் லைட்டு வேற. பெடலை மிதிச்சாத்தான் வரும், இன்னும் பளிச்சுன்னு. வீட்ல யாரையாவது பின்னாடி நிக்கச் சொல்லிட்டு மிதிச்சுப் பாருங்க."
வீட்டில் யாரையாவது. இருப்பதே இரண்டு பேர்!

மார்ச் 8, சனி
அவளிடம் போய்க் கெஞ்சுவதா? துடைப்பக் கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தேன். நான் பின்னால் போவதற்குள் நழுவி விழுகிறது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், காரைப் பெருக்குறீங்களா?" என்றார். அவள் வந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 10, திங்கள்
காலையில் வேலைக்குப் புறப்பட்டோம்; வழக்கம்போல் என் காருக்குப் பின்னால் அவள் ஸ்கூட்டரில்.
வழியில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. மிதித்தேன். பின்னால் சத்தம். கண்ணாடியில் பார்த்தால் அவளைக் காணோம் — ஐயோ!
ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்து முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்ததோடு போயிற்று. போகாமல் இருந்திருந்தால்? தெரிஞ்சேதானே ஓட்டிட்டு வந்தேன், பாவி! பின்னால் வருகிறவள் யாரென்று தெரியாதா எனக்கு? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கக் கௌரவம் குறுக்கே நின்றதாம். நல்ல கௌரவம்.
தூக்கிவிட்டேன். "முன்னாடி போறவருக்கு ஓட்டத் தெரியும்னு நம்பி வந்தேன்" என்றாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மார்ச் 11
பல்புகளில் கோளாறே இல்லையாம். பெடலுக்கு மேலே இருக்கும் விரலளவு சுவிட்ச்தான் செத்திருக்கிறது. கால் மிதித்ததை விளக்குக்குச் சொல்வது அதுதான். மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். சரியாக இருக்கிறது என்று அவரே பார்த்துச் சொல்லியும், வாசலில் நிறுத்தி அவளைக் கூப்பிட்டேன். "கொஞ்சம் பின்னாடி நின்னு பாரேன்."
கட்டுப் போட்ட கையோடு வந்தாள். "மிதிங்க... ம், எரியுது. விடுங்க."
சீட்டில் உட்கார்ந்தபடியே, "அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புதான்" என்றேன்.
"காதுல விழல. இறங்கி வந்து சொல்லுங்க."
இறங்கினேன்.

மார்ச் 17, திங்கள்
இன்று அவளை முன்னால் போகச் சொன்னேன். மருந்துக் கடைத் திருப்பத்தில் அவள் பிரேக் பிடித்தாள், ஸ்கூட்டரின் சிவப்பு பளிச்சென்றது, நானும் நின்றேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். இதையும் மைத்துனன் வீட்டில், எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும்.